திரும்பி வராத வினைச்சொல்

அந்தக் காலத்திலேயே தன்னுடைய சென்டர் இருந்திருந்தால் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிந்திருக்காது என்பது கோகுலகிருஷ்ணனின் அசைக்க முடியாத துணிபு. இரு தரப்பும் முப்பது நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும், பேசியே தீர்த்திருக்கலாம். வரலாறு தவறவிட்ட அந்த வாய்ப்பு கோவில்பட்டி மக்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் கிடைத்தது. தீப்பெட்டி லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தின் மாடியில் 'மலர்ச்சி ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று போர்டு ஏறியது. கீழே மெஷின் ஓடினால் மேலே இலக்கணம் நடுங்கும். அதனாலேயே மாணவர்கள் தூங்குவதில்லை என்று கோகுலகிருஷ்ணன் பெருமையாகச் சொல்வார்.

மலர்ச்சியின் தலைமையகம் மதுரையில். அதன் பாடத்திட்டப்படி மனித குலம் கற்க வேண்டிய முதல் வினைச்சொல் 'கோ'. விதி எண் ஏழு இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒவ்வொரு மாணவரும் ஆய்வாளர் முன்னிலையில் 'ஐ கோ' என்று, முன்னும் பின்னும் எதையும் சேர்க்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் தவறினாலும் போர்டு இறங்கும்.

போர்டு இறங்கினால் கோகுலகிருஷ்ணனுக்கு அப்பாவின் ஆட்டுக்கிடைதான் கதி. "இனி ஆட்டுக் கம்பத் தொட்டா என்னைய ஏன்னு கேளுங்க" என்று வீட்டில் சபதம் போட்டுவிட்டு வந்தவர் அவர். "ஆடு ஒண்ணும் கேக்காதுலே. நீ பாட்டுக்கு வா" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தப் பெருந்தன்மையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சென்டர் திறந்த முதல் நாள் பதினொரு மாணவர்கள். கோகுலகிருஷ்ணன் கரும்பலகையைத் துடைத்தார்.

"ஐ கோ. அப்படின்னா, நான் போறேன். எங்க, எல்லாரும் சேந்து சொல்லுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. கீழே மெஷின்கூட நின்றுவிட்டது.

சுடலையம்மாள் எழுந்தாள். அறுபது ஆடு மேய்க்கிற குடும்பம். ஆட்டு இன்சூரன்ஸ் கஸ்டமர் கேரில் தமிழில் பேசினால் பாட்டு மட்டும் போடுகிறார்கள் என்று இங்கிலீஷ் படிக்க வந்தவள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன வார்த்த சார் சொல்லுதீங்க? போறேன்னு யாராச்சும் சொல்லுவாவளா? போயிட்டு வாரேன்னுல்லா சொல்லணும்."

"இது இங்கிலீஷும்மா. இங்கிலீஷ்ல சகுனம் கெடையாது. வெள்ளக்காரன் எரநூறு வருசமா ஐ கோ, ஐ கோன்னுதான் சொன்னான்."

"அதான் அம்புட்டுப் பேரும் போயிட்டாவ."

இந்திய விடுதலைக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை வகுப்பு அதுவரை கேட்டதில்லை. தலைகள் ஆடின.

கோகுலகிருஷ்ணன் கடலைமிட்டாய்க் கடை ஜேம்ஸ்ராஜின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க சர்ச்சுக்குப் போறவரு. உங்களுக்குச் சகுனமெல்லாம் உண்டா?"

"சேச்சே. நமக்கு அதெல்லாம் கெடையாது சார்."

"அப்ப சொல்லுங்க."

ஜேம்ஸ்ராஜ் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். "ஐ கோ..." கையிலிருந்த பைக் சாவியை ஒரு தரம் பார்த்தார். "...அண்ட் கம்."

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"பைக் பழசு சார்."

மறுநாள் நிலைமை முற்றியது. பாடத்திட்டம் இறந்தகாலத்துக்கு வந்திருந்தது. "ஹீ கோஸ், ஹீ வென்ட், ஹீ ஹேஸ் கான்" என்று எழுதிய கோகுலகிருஷ்ணன், பக்கத்திலேயே பொருளும் எழுதினார்: அவர் போகிறார், அவர் போனார், அவர் போய்விட்டார்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் முத்துசெல்வி நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "யாரு சார்?"

"யாருமில்ல. சும்மா ஒரு 'ஹீ'."

"பாவம். என்ன வயசு?"

பின் பெஞ்சில் இரண்டு பேர் 'உச்' கொட்டினார்கள். சுடலையம்மாள் விரலை நீட்டினாள். "நேத்துதான் போறேன்னு சொன்னாரு. இன்னைக்குப் போயிட்டாரு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா?"

அதற்கு மேல் பொறுப்பது பகுத்தறிவுக்கு இழுக்கு. கோகுலகிருஷ்ணன் 'சிறப்புப் பொதுக்குழு' கூட்டினார். ஒரு மணி நேரம் பேசினார். ராக்கெட் விடுகிறவர்கள் சகுனம் பார்த்தால் ராக்கெட் போகுமா என்று கேட்டார்.

"போயிட்டு வரணுமா வேண்டாமா சார்?" என்றார் ஜேம்ஸ்ராஜ்.

'கோ'வை விட்டுவிட்டு 'கம்'மை மட்டும் படிக்கலாம் என்ற தீர்மானம் பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த ஒன்று, ஆசிரியர்.

ஆய்வுக்கு முதல் நாள் கோகுலகிருஷ்ணனின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு ஒரே ஒரு தரம் சொல்லுங்க போதும். இல்லன்னா திங்கக்கிழமைலேருந்து நான் ஆட்டுக்குப் பின்னாலதான்."

ஆட்டுக்குப் பின்னால் போவதில் என்ன குறை என்று கேட்க வாயெடுத்த சுடலையம்மாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அமர்ந்தாள். பின் பெஞ்சோடு கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினாள்.

"சரி சார். உங்க பொழப்புல மண்ணு விழக் கூடாது. சொல்லுதோம். ஆனா வாயி போச்சுன்னா காலு வந்து சேரணும். சொன்ன கையோட கீழ எறங்கி, தெருவ மிதிச்சிட்டு, திரும்ப மேல ஏறி வந்து உக்காந்துருவோம். அப்பக் கணக்குச் சரியாப் போயிரும்லா?"

"இந்த இருபத்தோராம் நூற்றாண்டுல..." என்று ஆரம்பித்த கோகுலகிருஷ்ணன், ஆட்டுக்கிடை ஞாபகம் வந்து, "சீக்கிரம் ஏறி வந்திருங்க" என்று முடித்தார்.

ஆய்வாளர் எபநேசர் டை கட்டி வந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து "ஐ கோ" என்று சொல்லிவிட்டு, கிடுகிடுவென்று படியிறங்கிப் போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எபநேசரின் பேனா காற்றில் நின்றது. கடைசியாகச் சுடலையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். இறங்கினாள்.

வரவில்லை.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. முத்துசெல்வி முந்தானையைக் கடித்தாள். ஜேம்ஸ்ராஜ் கண்மூடி உதடசைத்தார். கோகுலகிருஷ்ணன் இரண்டு தரம் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். அது போர்டை நினைத்து மட்டும்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க அந்தம்மா?" என்றார் எபநேசர்.

படியில் சத்தம் கேட்டது. "பிரஸ்ல ஒரு ஆடு நொழஞ்சு லேபிளத் தின்னுக்கிட்டு நின்னுச்சு சார். பத்தி விட்டுட்டு வாரேன்."

வகுப்பே மூச்சுவிட்டது. எபநேசர் மெல்ல எழுந்தார்.

"வினைச்சொல்ல வினையாவே செஞ்சு காட்டுதாங்க. நாப்பது சென்டர் பாத்துட்டேன், இத எங்கயும் பாக்கல. இது யாரு மெத்தட்?"

கோகுலகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "என் மெத்தட் சார்."

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. 'உடலியக்க வழி வினைக்கற்றல்' அல்லது 'கோவில்பட்டி முறை' இனி எல்லாச் சென்டர்களிலும் கட்டாயம். மாடி இல்லாத சென்டர்கள் மாடி பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையில் மாநாடு. நிரந்தர அனுமதிக் கடிதத்தைக் கோகுலகிருஷ்ணன் நேரில் பெற்றுக்கொண்டு, 'சகுனத்தை வென்ற வினைச்சொல்' என்று அவரே கொடுத்த தலைப்பில் உரையாற்றுவார்.

அன்று காலை இஸ்திரி கலையாத சட்டையில் அவர் வாசலுக்கு வந்தபோது மனைவி ராதாமணி பின்னாலேயே வந்தாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க."

"நான் இன்னைக்குப் பேசப் போறதே அதுக்கு எதிராத்தான் ராதா." தெருவுக்கே கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். "ஐ கோ."

ராதாமணி சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். அவள் நிலைக்காலில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பூனை எதுவும் குறுக்கே வரவில்லை. செருப்பு அறுந்துபோகவில்லை. இப்படி ஒன்றுமே நடக்காதது அவருக்கு நல்லதாகப் படவில்லை. டிரைவர் ஒரு கையில் ஸ்டீரிங்கும் மறு கையில் போனுமாக யாரையோ வைதுகொண்டிருந்தார். பஸ் நான்கு வழிச்சாலையில் ஏறப் போகும்போது கோகுலகிருஷ்ணன் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு ஓரமா நிப்பாட்டுங்க."

"மதுரைக்குல்லா டிக்கெட் எடுத்தீரு?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ண மறந்துட்டு வந்துட்டேன்."

"என்னத்த?"

"வெர்ப்பு."

கண்டக்டர் அதை மாத்திரை என்று நினைத்திருக்க வேண்டும். "அது இல்லாம பிரயாணம் பண்ணக் கூடாது" என்று பரிவோடு விசிலடித்தார்.

பின் தெரு வழியாக வீட்டுக்குள் நுழைந்தபோது ராதாமணி செம்பில் தண்ணீரோடு நின்றாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கிளம்பித் திரும்பியவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும் என்பதால் கோகுலகிருஷ்ணன் உட்கார்ந்தார். குடித்தார். மணி ஏழே முக்கால். மதுரையில் பத்து மணிக்கு மூடநம்பிக்கை ஒழிவதாக இருந்தது. அதை இனி பதினொன்றுக்குத்தான் ஒழிக்க முடியும்.

வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. அப்படியும் குரலைத் தாழ்த்தி, "போயிட்டு வாரேன்" என்றார்.

"காதுல விழல."

"போயிட்டு வாரேன்."

"ம். வாங்க."