அடுத்த நேரம் வரை மட்டும்

"இனிமே அந்த வட்டத்தை இந்த வீட்டுல எந்தக் கையும் தொடாது" என்று என் கணவர் வீபே டிசம்பர் முதல் ஞாயிறு அறிவித்தார். அதுவும் சாப்பாட்டு ஜெபத்துக்கும் ஆமெனுக்கும் நடுவில். ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்தால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நானும் ஆமென் என்றேன். பட்டாணி சூப் ஆறிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் சூப் ஆற அதிக நேரம் ஆகாது.

வட்டம் என்றது வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை. போன கிறிஸ்துமஸுக்கு டொராண்டோவிலிருந்து வந்த எங்கள் மகன் யோரிட் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். காலை ஆறு மணிக்குப் பத்தொன்பது டிகிரி. ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பதினைந்து. அட்டவணை போட்டது மகன், பதினைந்து என்று சொன்னது தகப்பன். பகலில் மனுஷர் நடமாடுவதே சூடு என்பது அவர் கட்சி. ஆறு பேர் நடமாடிய காலத்தில் அது சரி. நாலு பிள்ளைகளும் போனபிறகு நடமாடுவது நான் ஒருத்தி. அதுவும் அடுப்புக்கும் ஜன்னலுக்கும்தான்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வீபே வாராவாரம் போவதுபோலப் பில்லியர்ட்ஸ் ஆடப் போயிருந்தார். விரல் விறைத்து ஊசி பிடிக்க முடியவில்லை. வட்டத்தை இருபத்தொன்றுக்குத் திருகினேன். "அடுத்த நேரம் வரை மட்டும்" என்று எழுத்து வந்தது. ஐந்து மணி ஆனால் அது தன் பாட்டுக்கு அட்டவணைக்குத் திரும்பிவிடுமாம்.

பத்து நிமிஷத்தில் போன்.

"அம்மா, உடம்பு சரியில்லையா? இருபத்தொண்ணு காட்டுதே."

யார் கை வைத்தாலும் அவன் போனுக்குச் செய்தி போய்விடுமாம். அங்கே காலை, வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அவன் பெண்ணுக்கு முன்பல் விழுந்தது, அதை அவள் விழுங்கியது, பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கிய காலுறை, எல்லாம் சொன்னான். இறங்கும் ஸ்டேஷன் வருகிறவரை இருபத்திரண்டு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை போன் ஏழு நிமிஷம்தான். அதில் ஐந்து அப்பாவுக்கு.

நானே கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டால் "என்னம்மா விஷயம்?" என்பான். என்னிடம்தான் விஷயம் என்று ஒன்றும் இல்லையே.

அதிலிருந்து செவ்வாய்தோறும் எனக்குக் குளிர ஆரம்பித்தது. ராத்திரி ஜெபத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யோரிட் சூதுவாது தெரியாமல், அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் குளிருகிறது என்று தகப்பனிடம் கேட்டுவிட்டான். அதில் வந்ததுதான் மேலே சொன்ன ஆமென். அறிவிப்போடு வீபே விடவில்லை. போனோடு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மகனிடம் கிசுகிசுத்து, வட்டத்துக்கு நாலு எண்ணில் ஒரு பூட்டுப் போடவைத்தார்.

"என்ன நம்பர்?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

"யோரிட்டுக்கு?"

"அவனுக்கும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியக்கூடாது."

"ஸ்வெட்டர் போட்டுக்க, சீட்ஸ்கே."

நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் வாய்க்கால்கள் உறைந்து, பதினோரு ஊர்ப் பனிச்சறுக்கு ஓட்டம் கடைசியாக நடந்தது 1997இல். இருநூறு கிலோமீட்டர். நடு இரவுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது வீபே எல்லையைத் தொட்டார். நடு இரவுக்குள் முடித்தவர்களுக்கு மட்டும் கொடுத்த சிலுவைப் பதக்கம் வட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை அவர் சைக்கிள் முக்குத் திரும்பியதும், ஒன்று, ஒன்பது, ஒன்பது, ஏழு என்று அழுத்தினேன். திறந்துகொண்டது. எங்கள் கல்யாண வருஷத்தை நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

"அப்பா நம்பரைச் சொல்லிட்டாரா?" என்று யோரிட் போனில் சிரித்தான்.

"இருபத்தேழு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்காரு."

ஜனவரி இரண்டாம் செவ்வாய். நான் கை வைக்குமுன்பே வீடு வெதுவெதுப்பாக இருந்தது. வட்டத்தில் இருபத்தொன்று. கெட்டிக்காரக் கருவியாம். வாராவாரம் நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டுவிட்டது. யாரும் கை வைக்கவில்லை, அதனால் செய்தி போகவில்லை, போனும் வரவில்லை. இன்னும் ஏற்றலாம்தான். இருபத்தொன்றே பாவம், அதற்குமேல் மனசு வரவில்லை. தையலை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பகலில் வீடு அவ்வளவு இதமாக இருந்ததில்லை. அவ்வளவு சத்தமில்லாமலும் இருந்ததில்லை.

நாலு மணிக்கு வீபே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை, அதற்குள் விசாரணை.

"யாரு கை வச்சது?"

"யாரும் இல்ல. அதுவா ஏறிக்கிச்சு."

"பூட்டு?"

"பூட்டினபடியேதான் இருக்கு" என்றேன். என்றதும் அழுகை வந்துவிட்டது. பூட்டுக்கு முந்திச் செய்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். பிந்திச் செய்ததை ஆண்டவருக்கு வைத்துக்கொண்டேன்.

வீபே கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு நிமிஷமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய், முதுகால் மறைத்துக்கொண்டு நாலு எண்ணையும் அழுத்தினார். நான் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வட்டத்தைப் பத்துக்கு இறக்கினார்.

"ஏத்தினா கேஸ் செலவு. இறக்கினாலும் செய்தி போகுமில்ல?" என்றார். பந்தயத்தில் எல்லையைத் தொட்ட முகம்.

இரண்டு பேரும் கோட்டு, தொப்பி சகிதம் சோபாவில் உட்கார்ந்தோம். வாய்க்காலில் பனிக்கட்டி மூன்று விரல் கனம் வந்துவிட்டதை மகனிடம் சொல்ல வேண்டுமாம். அதனால் முதலில் அவர் பேசுவது என்று முடிவாயிற்று. மூக்கு நுனி சில்லிட ஆரம்பித்த பிறகு போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"யோரிட், வாய்க்கால்ல—"

"அப்பா, பத்துக்குப் போயிருக்கே? கை பட்டிருக்கும். மீட்டிங்ல இருக்கேன், இங்கேர்ந்தே இருபது வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை பேசறேன்."

பின்கட்டில் பாய்லர் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. வீபே போனைக் கையிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றினார், வீடு சூடாகிவிட்டது.