மித்கோவுக்குச் சளி பிடித்த விவரம்

ரூசே,
பிப்ரவரி 26

மதிப்புக்குரிய மைத்துனர் ராங்கெல் அவர்களுக்கு,

நானும் தங்கள் அக்கா நெவெனாவும் நலம். கப்பல் சமையலறையில் தாங்களும் தங்கள் கரண்டிகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம். தாங்கள் எங்களிடம் விட்டுச் சென்ற மலைப்பாம்பு மித்கோ உயிரோடு இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னாள் நெவெனா. தொலைபேசியில் சொன்னால் தாங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பீர்கள் என்பதால், எல்லாம் அடங்கிய பிறகு கடிதமாக எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கெட்டில் கொதிக்கிற மாதிரி மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்டது. அடுப்போ அணைந்திருந்தது. சத்தம் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது. மித்கோ தலையை மட்டும் மேலே தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்குத் துளையில் ஒரு குமிழி வந்து உடைந்தது. "என்னங்க, இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றாள் நெவெனா. "பாம்புக்கு எங்க சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டேன், நிலவறை மாதிரி சில்லென்று இருந்தது, வெப்பமானியில் இருபத்திரண்டு, முப்பதைத் தாண்டியிருக்க வேண்டியது. பெட்டிக்கு அடியில் நீ வைத்த சூடு தட்டின் பிளக்கை யார் பிடுங்கியது என்று தேடினால், நான்தான். ரேடியோவில் ஆற்று நீர்மட்டம் சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்க ரேடியோவை அங்கே சொருகினேன், தட்டைத் திரும்ப மாட்டவே இல்லை, பத்து நாள். முப்பத்தொரு வருஷம் டானூபில் இழுவைப் படகு ஓட்டியவன், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆச்சு, நீர்மட்டம் தெரிஞ்சு எந்தப் படகை எங்க கொண்டுபோகப் போறேன்? உனக்கு என்ன பதில் சொல்வேன்?

பிளக்கை மாட்டிவிட்டு, எங்கள் தெரு மிருக வைத்தியருக்கு போன் செய்தேன். "பாம்பு நான் பார்க்கிறதில்ல. ராஸ்கிராட்ல டாக்டர் ஃபிலேவா இருக்காங்க, இன்னிக்கே போங்க" என்றார். போனில் "மித்கோவுக்கு மூச்சு விட முடியல, வயசு நாலு" என்று நான் சொன்னது கீழ்வீட்டு த்ஸோனா காதில் விழுந்திருக்கிறது. ஒரு கையில் ராக்கியா சாராய பாட்டில், இன்னொரு கையில் எலுமிச்சையோடு தேநீர், மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டாள். "பச்சப்புள்ளைய இப்படியா வச்சிருக்கிறது? நெஞ்சுலயும் முதுகுலயும் ராக்கியா தேய்ச்சு கம்பளில சுத்துங்க." "எதுவரைக்கும் நெஞ்சுன்னு எனக்கே தெரியல, த்ஸோனா. நீங்களே பாருங்க" என்று அழைத்துப்போய்க் காட்டினேன். பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், ராக்கியாவைத் தானே குடித்தாள்.

பருத்தித் தலையணை உறைக்குள் மித்கோ, உறை மீன் விற்கிற தெர்மாகோல் பெட்டிக்குள், பக்கத்தில் கம்பளிக் காலுறை போட்ட வெந்நீர்ப் புட்டி. மூடியில் துளை போட்டுத்தான் கொண்டுபோனேன். பஸ்ஸில் ஒருவர் "என்ன மீன்?" என்றார். "நீளமானது" என்றேன். டாக்டர் ஃபிலேவா சின்னப் பெண், நிதானமானவள். வாயைத் திறந்து பார்த்து, பஞ்சுக் குச்சியில் சளியை எடுத்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். "தலையை நிமிர்த்திக்கிட்டுதான் இருக்கான் டாக்டர், தெம்பாத்தான் தெரியுது" என்றேன். "அது தெம்பு இல்ல ஐயா. அப்படி வச்சாதான் அவனுக்குக் காத்து உள்ள போகுது. பாம்புக்கு நம்மள மாதிரி இருமத் தெரியாது, சேர்ந்த சளி தானா வெளிய வராது. நுரையீரல்ல இறங்கிடுச்சு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நீங்க பெட்டியை மட்டும்தான் கொண்டுவந்திருப்பீங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, வீட்டிலிருக்கிற தைலம் தடவலாமா என்று கேட்டேன். "மனுஷ மருந்து எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க. சூடான பக்கம் முப்பத்திரண்டு, குளிர்ந்த பக்கம் இருபத்தாறு. நான் சொல்றவரைக்கும் எலி வேண்டாம்."

மூணு நாளைக்கு ஒரு ஊசி, முதல் ஊசி அவள் போட்டாள், மீதி வீட்டில். நெவெனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நானே கை நடுங்காமல் போட்டேன். நாலாவது ஊசிக்குப் பிறகு சீழ்க்கை நின்றது. காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை, பயந்துபோய்த் தட்டினேன், அவன் திரும்பி என்னைப் பார்த்தான். போன வியாழக்கிழமை டாக்டர் அனுமதித்த ஒரு சின்ன எலியைச் சாப்பிட்டான்.

ஆகவே தாங்கள் ஈஸ்டருக்கு இறங்கியதும் முதல் வேலையாக வந்து தங்கள் பிராணியைத் தாங்களே அழைத்துச் செல்ல வேண்டும். இந்த வயதில் இந்தப் பொறுப்பு என்னால் ஆகாது. தங்கள் கடலில் அலை தணிந்திருக்கட்டும், தங்கள் சூப்பில் உப்பு அளவாக இருக்கட்டும்.

தங்கள் அத்தான்,
ஸ்டாமென்

பின்குறிப்பு: தம்பி, உறையை ஒட்டச் சொல்லி இவர் என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டுதான் ஒட்டுறேன். ஊசி போட்டது நான். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வால் பக்கம் பிடிச்சிருந்தார். ஈஸ்டருக்கு நீ வா, ஆட்டுக்கறி செய்றேன், ஆனா பாம்பைக் கேட்காதே. உன் பெட்டி அவனுக்குப் பத்தாதாம். நேத்து என் தையல் மெஷினைத் தாழ்வாரத்துல தூக்கி வச்சுட்டு, அந்த இடத்தை அளந்துக்கிட்டிருந்தார். — நெவெனா