இரண்டு வயது கூட்டிச் சொன்ன பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் பெரியம்மாவும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் அண்ணன், அதாவது தங்கள் மகன், மிகவும் சுகம். கன்னத்தில் சதைகூட வைத்திருக்கிறது. என் சுகத்தைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாததால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் இருவரையும் ஒரே நாளில் கைப்பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்களே, அன்று என் வயதை ஏன் கூட்டிச் சொன்னீர்கள்? அண்ணனுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு நாலு. இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு செட் புத்தகம் போதும் என்று தாங்கள் நினைத்தது நியாயம்தான். ஐந்து முடிந்திருந்தால்தான் சேர்ப்போம் என்றார் குமாஸ்தா. சரி, எனக்கு ஐந்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். தாங்கள் ஆறு என்றீர்கள். "அவன் குறைச்சுக் கேப்பான், அஞ்சுக்கு முடிச்சிடலாம்னு பாத்தேன், அந்த ஆளு பேரமே பேசாம எழுதிட்டான்" என்று தாங்களே எத்தனையோ முறை வயிறு குலுங்கச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். பழைய சைக்கிள் வாங்கி விற்கிறவர் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் வியாபாரத்தை மறக்கமாட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்த மகன் முறை வந்ததும் ஆறை ஐந்தாக்கி, பெயின்ட் அடித்துப் புது வண்டி மாதிரி நிறுத்தினீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் "பின்னாடி உதவும்" என்பீர்கள். உதவுகிறது பெரியப்பா, அவனுக்கு நன்றாகவே உதவுகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள். சுண்ணாம்புக் கண் நான்.

விஷயம் இதுதான். நாங்கள் வேலை பார்க்கிற லாண்டரி, ஹோட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை வெளுத்து மடித்து அனுப்புகிற இடம். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். அறைக்குக் கொடுத்தால் வயிறு கேட்கும், வயிற்றுக்குக் கொடுத்தால் வீட்டுக்கார அம்மா கேட்பார், அப்படிப்பட்ட சம்பளம். எங்களைப் போன்ற குறைந்த கூலிக்கார இளைஞர்கள் பிழைத்துக் கிடக்கட்டும் என்று அரசாங்கம் பாதி வாடகையும், பஸ் பாஸும், மத்தியானத்துக்கு மலிவுச் சாப்பாட்டு அட்டையும் கொடுத்துவந்தது. இருபத்தைந்து வயது முடிகிறவரைக்கும்தான். காகிதப்படி எனக்குப் போன மாதம் முடிந்துவிட்டது. உள்ளபடிக்கு இருபத்தைந்து முடிந்த தங்கள் மகனோ, காகிதத்தில் இன்னும் இருபத்துநாலு வயதுப் பாலகன்.

உதவி நின்ற அன்றே அரசு அலுவலகத்துக்கு ஓடினேன். சின்னப் பையனாகத் தெரியட்டும் என்று இருந்த ஒரே சொத்தான மீசையையும் எடுத்துவிட்டுப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, மீசை இருந்த இடத்தையும் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சுக்கு மேல நீங்க முன்னேறியிருப்பீங்கன்னு கணக்கு சார்" என்றார்.

"யாரு போட்ட கணக்கு மேடம்?"

"அரசாங்கம் போட்டது."

"நான் இன்னும் முன்னேறலையே."

"அதுக்கு இந்தக் கவுன்ட்டர் இல்லை சார். ஆமா, உங்க தம்பி வரலையா? நல்ல பையன், வந்தா சிரிச்ச முகமாப் பேசுவான்."

தம்பியாம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் தம்பியாம். வெளியே வந்து பார்த்தால், மழையில் என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம், அந்தக் கதைதான்.

அன்றிலிருந்து நான் படுகிற பாட்டைக் கேளுங்கள். காலையில் அவன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறான், நான் நடந்து போகிறேன். இதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குத் துணையாம், பாதி வழியில் இறங்கி என்னோடு நடக்கிறான். பாஸ் இருக்கிறவன் நடந்தால் அது பெருந்தன்மை, பாஸ் இல்லாதவன் நடந்தால் அது வெறும் நடை. மத்தியானம் அவன் அட்டையைக் காட்டி உணவுக்கூடத்துக்குள் போகிறான். நான் வெளிச் சுவரில் சாய்ந்து பன்னைக் கடிக்கிறேன். அவன் பாதிச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, "போதும்டா எனக்கு, பசியே இல்லை" என்று நீட்டுகிறான். நானும் வாங்கித் தின்கிறேன், வேறு வழி? ஆனால் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்று, கொடுத்தவன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. இரக்கப்படுவதற்கும் ஒரு வசதி வேண்டும், பெரியப்பா. அந்த வசதியும் அவனுக்குத்தான் இருக்கிறது.

வேலையிலாவது அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்றால், படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவன் முகம் என் மூக்குக்கு நேரே வந்து நின்று சிரித்துவிட்டுப் போகிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே தரிசனம். போன வாரம் ஆத்திரம் தாங்காமல் ஒரு விரிப்பைக் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டேன். அவன் அந்தப் பக்கமிருந்து பறந்து வந்து ஈரத் துணி வண்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். கால் இரண்டும் மேலே. லாண்டரியே சிரித்தது. அவனும் வண்டிக்குள் இருந்தபடியே சிரித்தான். என்னைத்தான் சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்பா, வயசுல மூத்தவன் நீ. சின்னப் பையன்கிட்ட இப்படியா நடந்துக்குவ? நீதானே விட்டுக்கொடுத்துப் போகணும்?"

பெரியப்பா, நான் வீட்டில் சின்னவன். அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டு, அண்ணன் ஓட்டிக் கழித்த வண்டியை ஓட்டி, "சின்னவன்தானே, பேசாம இரு" என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவன். இங்கே வந்தால் மூத்தவன் என்று விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மனிதன் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் அவன் கையில் என்னதான் மிஞ்சும்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதை மட்டும் தாண்டிவிடுங்கள். இஸ்திரிப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். விழுந்த அன்றைக்கு அவனுக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?" என்றாள். அவளுடைய அண்ணனாக இருப்பதற்கா நான் இத்தனை தூரம் வந்து வேலை பார்க்கிறேன்?

இப்போது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் என் பங்கு வாடகை வராவிட்டால் என் கட்டிலுக்கு வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். அண்ணன், "நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாதே" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதி டப்பாச் சோறே செரிக்காதவனுக்கு வாடகை எப்படிச் செரிக்கும்? கட்டில் போனால் நான் ஊருக்குத் திரும்பித் தங்கள் கடை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டியதுதான். போகிற வருகிறவர்கள் எல்லாம், "பெரியவன் அங்கே நல்லா இருக்கானாமே?" என்று என்னிடமே விசாரிப்பார்கள். அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டே காற்றடிக்க வேண்டும்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. மறுபடியும் அந்தக் கவுன்ட்டருக்குப் போய்ச் சண்டை பிடித்ததில், என்னைப் பள்ளியில் சேர்த்தவரே நேரில் வந்து, வயதைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று சொன்னால் திருத்திக்கொள்வார்களாம். என் உண்மையான வயது இருபத்துமூன்று. இன்னும் இரண்டு வருடத்துக்கு எனக்கு எல்லாம் உண்டு. ஆகவே தாங்கள் கடையைப் பூட்டிவிட்டு உடனே புறப்பட்டு வரவும். வந்ததுதான் வந்தீர்கள், தங்கள் மகனுடைய வயதையும் அதே மூச்சில் சொல்லிவிடவும். உண்மையைப் பாதியாகச் சொல்வது பாவம் அல்லவா? அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் நடக்கிற தூரம் முழுவதையும் அவனும் ஒரே ஒரு மாதம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் பொறாமை என்று தாங்கள் நினைத்தால், ஆமாம், பொறாமைதான். சும்மா மூடி மறைத்து என்ன லாபம்?

பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். என் அப்பா கடைப்பக்கம் வந்தால், நான் ராஜா மாதிரி இருக்கிறேன் என்று மட்டும் சொல்லவும். தங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் எனக்கும் வேண்டும். முழுவதையும் ஒருவனுக்கே கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி மகன்,
வீட்டில் சின்னவன், காகிதத்தில் பெரியவன்.

பி.கு.: மேலே எழுதியதில் "புறப்பட்டு வரவும்" என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம். அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறான் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டிருக்கிறான். காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய், அந்தக் கவுன்ட்டரில் நின்று, "நான்தான் மூத்தவன், அவன் என் தம்பி, எனக்கு இருபத்தஞ்சு முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா எழுந்து நின்று அவன் நேர்மையைப் பாராட்டினாராம். பாராட்டிவிட்டு, அங்கேயே அவனுடைய பாஸையும் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். என் விஷயத்துக்கு அவன் பேச்சு செல்லாதாம், தாங்கள்தான் வர வேண்டுமாம். ஆக இன்றைய தேதியில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடையாது.

"ஏண்டா இப்படிப் பண்ணே?" என்று கத்தினேன். அண்ணனை நான் 'டா' போட்டது இதுதான் முதல் தடவை. அவன் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நாள் பூரா மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கிறோம், ஒரு தடவை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? சரி விடு. அப்பா வந்தா உனக்கு வந்துடும். அதை வெச்சு ரெண்டு பேரும் ஓட்டிடலாம்" என்றான். சூப்பர்வைசர் அம்மாவுக்குச் செய்தி எட்டி, எல்லோரையும் கூட்டி வைத்து அவனைப் புகழ்ந்தார். இஸ்திரிக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு மத்தியானம் அவனும் என்னோடு சுவரில் சாய்ந்து பன் தின்றான், பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினான்.

தாங்கள் வந்ததும் எனக்குக் கிடைக்கும், அவனுக்கு இனிமேல் கிடைக்கவே கிடைக்காது. இப்போதாவது அவன் வயிறு கொஞ்சம் எரியும் என்று சாயங்காலத்திலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எரியவில்லை பெரியப்பா. அப்படியொரு மனசையும் தாங்கள் தங்கள் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.