நாத்தனாரின் டெப்பை நான் திருத்திய கதை

பொறாமை பிடித்தவள் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், சூட்டுக் காற்றடிக்கும் மெஷினை மட்டும் கொடுக்கக் கூடாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்டி டவுனில் என் வீட்டுக்காரருக்குப் போன் திருத்தும் கடை. அங்கே வேலைக்கு வந்தவள் நிரோஷா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டிக்காரி. (அழகி என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் சொல்வார்கள்.) வீட்டுக்கு வந்தால், "நிரோஷா இன்னைக்கு என்னா செஞ்சா தெரியுமா?" என்றுதான் இவர் வாயைத் திறப்பார். பொறுத்துக்கொண்டேன். ஒருநாள், "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டேன். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் பிறந்து வளர்ந்த மனுஷன், "ஆமா" என்று சொல்லாமல் யாழ்ப்பாணத்தார் மாதிரி "ஓம்" என்றார்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டே ரிப்பேர் வீடியோக்களாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் டெப், அதுதான் டேப்லெட், செத்துப்போனது. சார்ஜும் ஏறவில்லை, வெளிச்சமும் வரவில்லை. நிரோஷா கழற்றிப் பார்த்து, "போர்டில எங்கயோ ஷோர்ட் இருக்கு, வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, பௌர்ணமிப் போயா லீவுக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

"இத நான் திருத்திட்டா அவ வேற கடை பாத்துக்கட்டும்," என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "திருத்தலன்னா?"

"அவ என்னா சொன்னாலும் கேக்குறேன். போதுமா?"

போயா அன்று எனக்காகவே கடையைத் திறந்தார். நிரோஷாவின் கதிரையில் உட்கார்ந்தேன். (அதிலிருந்த மெத்தை இவர் வாங்கிக் கொடுத்ததாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தலையணை வாங்கித் தந்ததில்லை.) இவர் சோற்றுப் பார்சல் வாங்கப் போனார். நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, மீட்டரின் ஒரு முனையைப் போர்டின் ஓரத்தில் வைத்து, மறுமுனையால் ஒரு கெப்பாசிட்டரைத் தொட்டேன். பீப்! பழுது. பக்கத்திலிருந்ததைத் தொட்டேன். பீப்! அதுவும் பழுது. அந்த வரிசையில் தொட்டதெல்லாம் கத்தியது. விடுவேனா? சூட்டை அடித்து அடித்து அத்தனையையும் கழற்றி ஒரு பேப்பரில் குவித்தேன். மறுபடி மீட்டரை வைத்தேன். சத்தமே இல்லை. ஷோர்ட் ஒழிந்தது, நிரோஷாவும் ஒழிந்தாள் என்று மனசுக்குள் குதித்தேன்.

பார்சலோடு வந்தவர், "எது பழுது?" என்று கேட்டார்.

"எல்லாமே!"

"எல்லாமேன்னா?"

பேப்பரைக் காட்டினேன். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனைப் போட்டார். அவ்வளவுதான், கடுகைவிடச் சின்னச் சாமான்கள் பேப்பரோடு பறந்தன. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். அகப்பட்டதெல்லாம் பாண் ரொட்டித் தூள். டெப்பை மறுபடி பொருத்திப் பூட்டி, பட்டனை அமுக்கிப் பார்த்தேன். அது அசையவேயில்லை.

லீவு முடிந்து வந்த நிரோஷா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள்.

"அக்கா, ஒரு லைனில ஒண்டு பழுதெண்டா அதில இருக்கிற எல்லாம் கத்தும். அந்த ஒண்டைத்தான் தேடிக் கழட்டோணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் போர்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா போர்டில ஒரு இடமும் பிய்யேல்ல. உங்கட கை நல்ல கை அக்கா."

வேறொரு பழைய போர்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினாள். டெப் உயிர்த்தது. பந்தயத்தை மறக்காத வீட்டுக்காரர், "இப்ப இவ என்னா செய்யணும், சொல்லு," என்றார்.

"நாளைக்கே கடைக்கு வரோணும்," என்றாள் நிரோஷா.

போனேன். இன்றும் போகிறேன். பழுதைத் தேடுவது அவள், கழற்றுவது நான்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் அரிசி பொறுக்க நான் சுளகைத் தொட்டால் போதும், "அவகிட்ட குடுக்காதீங்க, கல்லோட அரிசியையும் எறிஞ்சிருவா!" என்று நாத்தனார் கத்துவார். வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்தப் பகிடியை முதலில் சொன்னவள் நிரோஷாவாம். இவர் ஒவ்வொரு தடவையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நான் சொன்ன எந்தப் பகிடிக்கும் அந்த மனுஷன் அப்படிச் சிரித்ததேயில்லை.