குட்டிச்சாத்தான் தேடிய சூழல்

போடியிலிருந்து மூணாறு வரைக்கும் எத்தனை கிறுக்கன் இருந்தாலும், எங்கள் குட்டிச்சாத்தானுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவனெல்லாம் தெளிந்த ஆள். நான் அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தலைச்சுமையாக ஏலக்காய் மூட்டை இறக்கியவனுக்கு இன்று குரங்கணிக்கு மேலே சொந்தத் தோட்டம், காய் உலர்த்தச் சொந்த ஸ்டோர். ஆள் பார்ப்பதில் எனக்குத் தப்பு வந்ததே இல்லை. கம்ப்யூட்டர் சோலிக்கு அவனைப் பிடித்ததும் நான்தான்.

அந்தப் பேர் வந்தது அவன் லேப்டாப்பால். மூடியில் கொம்பு வைத்த சிவப்புச் சாத்தான் ஒன்று சூலத்தோடு சிரிக்கும். ஊரெல்லாம் விண்டோஸ் வைத்திருக்க, இவன் மட்டும் பி.எஸ்.டி. என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அதன் சின்னமாம் அது.

“எல்லாரும் வச்சிருக்கதையே நீயும் வச்சுக்கிட்டா என்ன அப்பு?”

“அது நட்டநடு சோலியில ‘அப்டேட்’னு படுத்துக்கும்ணே. இது எந்திரிச்சா உக்காராது.”

எல்லோருக்கும் நான் முதலாளி. அவனுக்கு மட்டும் அண்ணே.

சோலி இதுதான். ஸ்டோரில் சூடு கூடினால் காய் வெளுத்துப் போகும். ஏலத்தில் என் காய்க்குப் பேரே அந்தப் பச்சைதான். சூடு பார்த்துக்கொண்டிருந்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். இனி சூட்டைப் பார்த்து விசிறியைத் தானாக ஓட்டும் புரோகிராம் வேண்டும், காய் பறிப்புக்கு முன்னால். ஸ்டோரில் ஒரு பெட்டியை வைத்துக் கம்பியெல்லாம் இழுத்துவிட்டான். எழுதத்தான் இல்லை.

“எதுல எழுதுறதுன்னு பாத்துக்கிட்டிருக்கேண்ணே.”

எழுதுவதற்கென்று லேப்டாப்பில் பெரிசாக ஒன்றைத் திறந்தான். திறப்பதற்குள் டீ ஆறியது. “நம்ம சிஸ்டத்துக்குன்னு தைக்கலண்ணே. அடுத்தவன் சட்டைய ஆல்ட்டர் பண்ணிப் போட்ட மாதிரி இருக்கு.” அடுத்ததில் ஒரே நேரத்தில் மூன்று பொத்தானை அமுக்கணும். விரல் சுளுக்கி, என் பெண்டாட்டிதான் எண்ணெய் தேய்த்துவிட்டாள். சிஸ்டத்தோடு வந்த சின்னது ஒன்றும் இருந்தது. அதற்கு முகத்தைச் சுளித்தான். “வெறும் கருப்பு எடம்ணே. கலர்கூட கெடையாது.”

பறிப்பு நெருங்கிவிட்டது. “என்னதான்யா வேணும் ஒனக்கு?” என்று கத்தினேன்.

“நல்ல சூழல் அமையணும்ணே.”

இவ்வளவுதானா! ஜீப்பில் தூக்கிப் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஸ்டோரை ஒட்டிய ஓடைக்கரையில் மேசை, நாற்காலி, ஃபிளாஸ்க்கில் காபி. “இதவிடச் சூழல் எவன்டா குடுப்பான்?”

என்னையும் ஓடையையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணே, நான் சொன்ன சூழல் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கது. எழுதுற சாப்ட்வேரு!”

“வெளிய நல்லாருந்தா உள்ள தானா நல்லாருக்கும். எழுது.”

அங்கே டவர் கிடையாது. லேப்டாப்பில் அந்தப் பெரிசு நெட் இல்லாமல் வாயே திறக்கவில்லை. அந்த மூணு பொத்தான் சங்கதியும் நெட்டிலிருந்து எதையோ இறக்கித் தா என்றது. அந்நேரம் பார்த்து முதல் பறிப்பு மூட்டைகள் வந்து இறங்கின. பச்சைக்காயைப் போட்டுவைத்தால் புழுங்கிவிடும், அன்றைக்கே அடுப்பு மூட்டியாகணும். குட்டிச்சாத்தான் மூட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நெட் கேட்காத அந்த வெறும் கருப்பு இடத்தைத் திறந்து உட்கார்ந்தான். எழுத வேண்டியதெல்லாம் எப்பவோ மண்டைக்குள் இருந்திருக்கிறது. காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்ததுகூடத் தெரியாமல் தட்டினான். எழுதியதை ஸ்டோர் பெட்டிக்குள் ஏற்றினான். காயைத் தட்டில் பரப்பி அடுப்பு பற்றியபோது விசிறி தானாகச் சுற்றியது.

காய் வந்தது பாருங்கள், அப்படியொரு பச்சை! ஏலத்தில் கொட்டிக் காட்டியதும் வியாபாரிகள் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள்.

“எந்த மிஷின் முதலாளி?”

“மிஷின் கெடக்கட்டும்யா. சூழல் நான் குடுத்தது.”

பக்கத்தில் நின்ற குட்டிச்சாத்தான், “ஆமா, அண்ணன் பாத்துக் குடுத்ததுதான்” என்றான். அவன் ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஸ்டோரில் அவன் வைத்த பெட்டி இன்னும் உட்காரவில்லை. அதில் அவன் ஒட்டிவிட்டுப் போன சாத்தானுக்கும் ஆயுதபூஜையன்று என் பெண்டாட்டி பொட்டு வைக்கிறாள். விறகு கூடிப்போய் விசிறிக்கும் அடங்காமல் சூடு ஏறினால் திரையில் எழுத்து வரும்: “அண்ணே, காந்துது. வெரசா வாங்க.”

மற்ற தோட்டத்து மிஷின்கள் இங்கிலீஷில் கத்துகின்றன. என்னுடையதுதான் அண்ணே என்று கூப்பிடும். கூப்பிடாத நாளிலும் ஒரு நடை போய், அதற்கு முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.