கழுதையோடு சேர்த்து ஐந்து

“குடை, ஏணி, பொத்தான், கழுதை...” ஐந்தாவது வரவில்லை.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த கிரேன் ஓட்டுநர் திருட்டுத்தனமாக உள்ளங்கையைப் பார்த்தார். எழுதி வைத்திருந்ததெல்லாம் வியர்வையில் கரைந்து ஒரே நீலம். பதற்றத்தில் மூக்கைத் துடைத்தார். மூக்கும் நீலமானது.

அவருக்கு வயது அறுபது. இன்னும் ஒரு வருடம் கிரேனில் ஏற வேண்டுமானால் இந்த ஞாபகசக்தித் தேர்வில் தேறியாக வேண்டும். டாக்டர் சொல்லும் ஐந்து சொற்களை அரை மணி கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் நான்கு ராத்திரியாக அவர் தூங்கவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை.

இருக்கிற நான்கையாவது காப்பாற்றலாமென்று மனைவிக்குப் போன் போட்டார்.

“குடை, ஏணி, பொத்தான், கழுதை. எழுதிக்கோ.”

“கழுதை வேண்டாம்னு ஒரு தடவை சொன்னா புரியாதா? வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு!” போன் வைக்கப்பட்டது.

இவள் எப்போது சொன்னாள் என்று யோசித்ததில் ஏணியும் போய்விட்டது. நாற்பது வருடத்துக்கு முன் ஓட்டிய முதல் கிரேனின் நம்பர் மட்டும் பளிச்சென்று நின்றது. அதெப்படி?

காலையில் டாக்டரிடமே இதைக் கேட்டிருந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார்.

“பகல்ல கத்துக்கிட்டதைத் தூக்கந்தான் உள்ள அடுக்கி வைக்குது. வயசானா ஆழ்ந்த தூக்கம் குறையும், அடுக்குறதும் குறையும். என் பொண்ணு பொறந்து பதினெட்டு நாள். பகல் முழுக்கத் தூங்கி அடுக்கிக்கிட்டே இருக்கா.”

“ராத்திரி?”

“ராத்திரி அழுவா... நீங்க என்ன கேட்டீங்க?”

தூங்கினால்தானே தங்கும்? ஓட்டுநர் பெஞ்சிலேயே சாய்ந்தார். அரை மணி, ஒன்றரை மணியானது. டாக்டரே வந்து உலுக்கினார்.

“குடை, ஏணி, பொத்தான், எலுமிச்சை, கழுதை!” கண்ணைத் திறக்குமுன்பே கொட்டிவிட்டார். நெடுநாள் பழகியவை போல ஐந்தும் வரிசையாக வந்தன.

டாக்டர் தன் சீட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. “சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டார்.

ஓட்டுநருக்குக் கால் தரையில் பாவவில்லை. சான்றிதழைச் சீல் வைக்கும் அம்மாளிடம் நீட்டினார். அந்த அம்மாள் அதையும் நீல மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நேத்துதானே சார் பாஸானீங்க, நானே சீல் வச்சுக் கொடுத்தேனே... டாக்டருக்குமா ஞாபகம் இல்ல?”