பத்து மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி

பல்லடம் வட்டாரத்தில் முட்டை அடுக்கின்மேல் ஸ்கூட்டரை விட்ட இயற்பியல் ஆசிரியை நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் தொடங்கிவிடலாம்.)

கல்யாணமான புதிது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்திருந்தேன். மூன்றிலும் "சொல்லியனுப்பறோமுங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக ஒரு பெண்கள் பள்ளி கூப்பிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் கொழுந்தனாரின் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பீஸ் எண்ண வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு.

கொடுத்த பாடம், சீரான முடுக்கத்தில் நகரும் பொருள். கரும்பலகையில் எழுதித்தானே மூன்று முறை தோற்றோம், இந்த முறை ஸ்கூட்டரிலேயே நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன். (இருபத்து நான்கு வயதில் எனக்கு அறிவு இருந்தது. ஆனால் அது என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை.)

முந்தின நாள் சர்ச் மைதானத்தில் கணவர் சேவியரோடு ஒத்திகை. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம், அதாவது விநாடிக்குப் பத்து மீட்டர். பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நின்ற இடம்வரை டேப்பால் அளந்தோம். மூன்று முறையும் பத்து மீட்டர். v² = u² + 2as என்பதில் போட்டால், வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி ஐந்து மீட்டர் குறைகிறது. என் கை பிரேக்கை அழுத்துகிற அழுத்து ஓர் எண்ணாகிக் காகிதத்தில் உட்கார்ந்திருந்தது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏனுங்க, பாத்தீங்களா!"

"பாத்தேன் கண்ணு. பிரேக் ஒயரு மாத்தோணும்" என்றார் சேவியர்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் கோலமாவால் இரண்டு கோடு போட்டேன். முதல் கோட்டில் பிரேக். பத்து மீட்டர் தள்ளி இரண்டாவது கோட்டில் வண்டி நிற்கும். அதற்கும் பத்து மீட்டர் தள்ளி ஹாஸ்டல் சமையல்கட்டு வாசலில் முட்டைத் தட்டுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். தாளாளரின் சொந்தக் கோழிப்பண்ணை முட்டை.

"எடுத்து வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் தாளாளர்.

"வேண்டாமுங்க சார். கணக்கு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுருமுங்க."

அவர் கெட்டிக்காரர். "கோட்டைப் பாத்துட்டே வந்தா முன்கூட்டியே புடிச்சுப்போடுவீங்க. முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் நான் விசில் ஊதறேன். அப்பப் புடிங்க" என்றார். சரி என்றேன். விசிலுக்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம்?

மாதாவை வேண்டிக்கொண்டு கிளம்பினேன். நாற்பது பிளஸ் ஒன் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வேகமானி முள் சரியாக முப்பத்தாறு. விசில் அடித்தது. 'அட, விசில் அடித்துவிட்டார்' என்று நினைத்தேன். 'இப்போது பிரேக் பிடிக்க வேண்டுமல்லவா' என்றும் நினைத்தேன். பிறகுதான் பிடித்தேன். அதற்குள் இரண்டாவது கோடு எனக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் வண்டி என் பேச்சை அப்படியே கேட்டது. ஒரே சீராக வேகம் குறைந்து, குறைந்து, ஏறக்குறைய நின்றேவிட்ட நேரத்தில், கன்றுக்குட்டி முட்டுவது போல அடுக்கைத் தொட்டது. அடுக்கு கொஞ்சம் யோசித்தது. பிறகு என்மேல் சாய்ந்தது.

தலையில் மஞ்சள் கரு வழிய எழுந்து நின்றேன். வேலை போச்சு, பனியன்தான் என்று அழுகை முட்டியது. அப்போது டேப் வைத்திருந்த கவிதா என்ற பெண், சக்கரம் மண்ணில் கிழித்த தடத்தை அளந்துவிட்டுக் கத்தினாள்.

"மிஸ்! ஒம்பது மீட்டர் தொண்ணூறு!"

திரும்பிப் பார்த்தேன். தடம் இரண்டாவது கோட்டில் தொடங்கி முட்டைவரை நேராக வந்திருந்தது. முட்டை மட்டும் தடுக்காவிட்டால் சரியாகப் பத்து. நான் பதறினேன், யோசித்தேன், சொதப்பினேன். அந்தச் சமன்பாடு அசையவே இல்லை. சாமி கும்பிடும்போது வருகிற நடுக்கம் மாதிரி ஒன்று முதுகில் ஓடியது.

"அப்பக் கணக்கு தப்பில்லீங்களா?" என்றார் தாளாளர், வேட்டியில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே.

"கணக்கு தப்பில்லீங்க சார். நாந்தான் ஒரு செகண்ட் லேட்டு."

அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. குச்சியை எடுத்து மண்ணிலேயே எழுத ஆரம்பித்தேன். விசில் காதில் விழுந்து கைக்கு வந்துசேர ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியும் வண்டி அதே வேகத்தில் ஓடியிருக்கிறது, பத்து மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக்கின் பத்து மீட்டர். பிள்ளைகள் என் தலையைப் பார்க்கவில்லை, தடத்தையே பார்த்தார்கள். "அப்ப பஸ் டிரைவருக்கும் இப்படித்தானுங்களா மிஸ்?" என்றாள் கவிதா. எல்லாருக்கும் இப்படித்தான் என்றேன்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். "திங்கக்கெழம வந்துருங்க அம்மணி. வண்டிய மட்டும் கேட்டுக்கு வெளிய நிறுத்தீருங்க."

இன்றும் அங்கேதான் நிறுத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுதும்போது இன்னும் கை கூசுகிறது. வீட்டில் யாருக்கும் அந்த பயபக்தி கிடையாது. நான் மகளைத் திட்டத் தொடங்கி, அவள் "போதும்மா, நிறுத்துங்க" என்று கெஞ்சினால், சேவியர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அவளிடம் சொல்வார்:

"விசில் இப்பத்தான கண்ணு ஊதியிருக்கற. நிக்கறதுக்கு இன்னும் இருவது மீட்டர் ஆகும்."